எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் குடித்தால் ரத்தம் காரமாக மாறுமா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

கரூர்_தேன்மொழி · ஞாயிறு, காலை 7.52

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. பத்து வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. உடம்பில் அமிலம் ஏறுவதால்தான் எல்லா நோயும் வருகிறதாம், ரத்தத்தைக் காரமாக்கிவிட்டால் எந்த நோயும் அண்டாதாம். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் வெந்நீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, நுரை பொங்கும்போதே மடமடவென்று குடிக்கிறார். குடித்த கையோடு பெரிய ஏப்பம் வருகிறது. "பார், அமிலம் வெளியே போகுது" என்கிறார்.

நான் பி.காம். படித்தவள். நீல லிட்மஸ் சிவப்பாகும் என்பதைத் தாண்டி எதுவும் நினைவில் இல்லை. எலுமிச்சையே புளிப்பு, அதாவது அமிலம். அதைக் குடித்தால் ரத்தம் எப்படிக் காரமாகும்? சாப்பாட்டால் ரத்தத்தின் பிஎச், அதாவது அமில கார அளவு, மாறுமா, மாறாதா? அப்பாவிடம் "அதெல்லாம் பொய்" என்று சொன்னால் கேட்க மாட்டார். மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்குப் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்வார். அப்படிக் காட்ட யாராவது உதவ முடியுமா?

பொருநைக்கரை · ஞாயிறு, காலை 9.15

தேன்மொழி அம்மா, முதலில் அந்தச் சோடாவை நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. காலைக் காப்பிக்கு முன்பே அப்பா அதில் பாதியைத் தாண்டிவிடுகிறார். சாப்பாட்டு உப்பு மாதிரி நாக்கில் கரிக்காததால் அது கணக்கில் வருவதில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தினமும் செய்யவே கூடாது. அவருடைய டாக்டரிடம் இத்தனை நாள் குடித்ததையும் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது வேதியியல். திருநெல்வேலியில் 31 வருஷம் இந்தப் பாடத்தை நடத்தினேன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

தண்ணீரில் இருந்து தொடங்குங்கள். சுத்தமான தண்ணீரில்கூட எல்லா மூலக்கூறும் முழுசாக இருப்பதில்லை. ஏறக்குறைய 55 கோடி மூலக்கூறுகளில் ஒன்று ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. இரண்டும் சம அளவு என்பதால் அந்தத் தண்ணீர் நடுநிலை. அதில் எதையாவது கரைக்கிறோம். கரைந்த பொருள் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுத்தால் அது அமிலம், வாங்கி வைத்துக்கொண்டால் அது காரம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் கொடுக்கும். ஆப்ப சோடாவில் உள்ள பைகார்பனேட் வாங்கும்.

இந்த ஹைட்ரஜன் அயனியின் செறிவை எழுதப் போனால் 0.0000001 என்று சுழியம் சுழியமாகப் போகும். 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன் என்ற வேதியியலாளருக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது. பீர் காய்ச்சும் நிறுவனம் நடத்திய ஆய்வகம் அது. நொதிகள் எந்த அளவு புளிப்பில் நன்றாக வேலை செய்கின்றன என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சுழியங்களை எண்ணி மடக்கையாக எழுதிவிட்டால் வேலை சுலபம் என்று அவர் கொண்டுவந்ததுதான் பிஎச். எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது. ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு, இரண்டு எண் குறைந்தால் நூறு மடங்கு. அப்பாவிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். 7-க்கும் 6-க்கும் உள்ள தூரம் ஒரு படி மாதிரி தெரியும், உண்மையில் அது பத்து மடங்கு.

இப்போது உடம்புக்கு வருவோம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். அது போய் விழும் இரைப்பையோ வெறும் வயிற்றில் 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கும். அங்கே ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடலில் ஒரு குடம் உப்புத் தண்ணீரை ஊற்றினால் கடல் கரித்துவிடுமா? எலுமிச்சையால் இரைப்பைக்கு ஆவதும் அவ்வளவுதான்.

அந்த ஏப்பம், அமிலம் வெளியே போவதால் வருவதில்லை. சிட்ரிக் அமிலமும் இரைப்பை அமிலமும் பைகார்பனேட்டோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்பும். டம்ளரில் பொங்கிய அதே நுரைதான் வயிற்றிலும் பொங்குகிறது. வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் சோடா மாவைக் கரைத்துக் குடித்து, அந்த வாயுவால் இரைப்பையே கிழிந்துபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் "ஏப்பம் வந்தால் நல்லது" என்று மட்டும் அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ரத்தம் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை மாலையில் எழுதுகிறேன். இப்போது கடைக்குப் போக வேண்டும்.

பிளஸ்ஒன்_மாறன் · ஞாயிறு, காலை 10.03

சார், ரெண்டு சந்தேகம். ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை என்று பாடத்தில் இருக்கிறது. 7-க்கு மேலே என்றால் ரத்தம் ஏற்கெனவே காரம்தானே? அப்புறம் எதற்கு அதைக் காரமாக்க வேண்டும்?

இன்னொன்று, வீட்டில் மிளகாய் அதிகமானால் "காரம்" என்கிறோம். அந்தக் காரமும் இந்தக் காரமும் ஒன்றா? எங்கள் வகுப்பில் ஒரு பையன் பஜ்ஜி மிளகாய் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் என்று பரீட்சையில் எழுதிவிட்டான்.

பனங்கூடல் · ஞாயிறு, காலை 11.20

தம்பி மாறன், உம்முடைய நண்பர் எழுதியதில் பிழை பாதி மொழியுடையது. யாழ்ப்பாணத்தில் எங்களுடைய பாடநூல்களில் அமிலத்துக்கு எதிரானதை மூலம் என்றுதான் எழுதுவோம். நீரில் கரையும் மூலத்துக்கு மட்டும் காரம் என்று பெயர். மிளகாயைக் கடித்தால் வருவதை நாங்கள் உறைப்பு என்போம். அதனால் இந்தக் குழப்பம் எங்கள் பிள்ளைகளுக்குக் குறைவு. மிளகாயின் உறைப்பு கப்சைசின் என்ற பொருளால் வருவது. அது நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. அதற்கும் பிஎச்சுக்கும் தொடர்பே இல்லை.

சோப்பை நாங்கள் சவர்க்காரம் என்போம். அந்தச் சொல்லில் இருக்கும் காரம் உண்மையான காரம். கையில் வழுக்குவதே அதனால்தான். ஆனால் எல்லாப் பெயரையும் நம்பிவிட முடியாது. சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கும் படிகாரத்தின் பெயரிலும் காரம் இருக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து லிட்மஸ் வைத்துப் பாரும், அமிலம் என்று காட்டும்.

வேப்பமரத்தடி · ஞாயிறு, மதியம் 1.44

எல்லாரும் படித்தவர்கள், எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் என் பாட்டி தினமும் எலுமிச்சைச் சாறு குடித்தவர். 91 வயது வரை கம்பு ஊன்றாமல் நடந்தார். எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது டாக்டரே சிட்ரேட் மருந்து எழுதிக் கொடுத்தார். கூடவே எலுமிச்சை நீர் குடிக்கச் சொன்னார், சிறுநீர் காரமாகும் என்றார். அப்புறம் எப்படி எலுமிச்சையால் ஒன்றும் ஆகாது என்கிறீர்கள்? முன்னோர் சொன்னதை எடுத்தவுடன் தள்ளிவிட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பொருநைக்கரை · ஞாயிறு, மாலை 6.30

வேப்பமரத்தடி ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். உங்கள் டாக்டர் சொன்னது முழுக்கச் சரி. நான் காலையில் எழுதியதும் சரி. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று சொல்கிறேன்.

சிட்ரிக் அமிலம் குடலில் உறிஞ்சப்பட்டு செல்லுக்குள் போனதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் ஆகிவிடுகிறது. கொண்டுவந்த அமிலம் மூச்சோடு போய்விட்டது, கணக்கு நேர். ஆனால் பொட்டாசியம் சிட்ரேட் மாதிரி உப்பாக வரும்போது கதை வேறு. சிட்ரேட் எரியும்போது ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும், பின்னால் பைகார்பனேட் மிஞ்சும். அந்த மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. அதனால் சிறுநீரின் பிஎச் ஏறுகிறது, சில வகைக் கற்கள் கரையவோ வளராமல் இருக்கவோ அது உதவுகிறது. எலுமிச்சையில் அந்த உப்புப் பங்கு கொஞ்சம்தான், பெரும்பங்கு வெறும் அமிலம். ஆனாலும் சிறுநீரில் சிட்ரேட் சேர்வதும், கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதும் கல்லுக்கு நல்லதுதான்.

இதில் நான் சொல்ல வருவது, மாறியது சிறுநீர். ரத்தம் மாறவில்லை. சிறுநீரின் பிஎச் 4.5 முதல் 8 வரை நாளுக்கு நாள் அலையும். அது அப்படி அலைவதால்தான் ரத்தம் அலையாமல் நிற்கிறது. "சாப்பாடு உடம்பைக் காரமாக்கும்" என்று சொல்கிறவர்கள் சிறுநீரில் தாளை நனைத்துக் காட்டுவார்கள். அது குப்பைத் தொட்டியைப் பார்த்து வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

மாறன் தம்பி, உன் முதல் கேள்வி அருமையானது. ஆமாம், ரத்தம் ஏற்கெனவே கொஞ்சம் காரப் பக்கம்தான். இன்னும் ஒன்று சேர்த்துக்கொள். 7 நடுநிலை என்பது 25 டிகிரியில். 37 டிகிரியில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகப் பிரிவதால் நடுநிலையே 6.8-க்கு இறங்கிவிடும். ஆகையால் உடம்புச் சூட்டில் 7.4 என்பது இன்னும் தெளிவாகக் காரம். அப்பா தேடிப் போகிற இடத்தில் அவர் பிறந்த நாளில் இருந்தே நிற்கிறார்.

வகுப்பில் நான் ஆரத்தித் தட்டோடுதான் இந்தப் பாடத்தைத் தொடங்குவேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு கிள்ளு வெற்றிலைச் சுண்ணாம்பு. விரலால் கலக்கினால் குபீரென்று ரத்தச் சிவப்பு. பிள்ளைகள் வீட்டில் நூறு தடவை பார்த்ததுதான், ஆனாலும் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் அதிலேயே எலுமிச்சையைப் பிழிவேன், சிவப்பு ஓடிப்போய் மறுபடியும் மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் அயனியை இழந்தால் சிவப்பு, திரும்ப வாங்கினால் மஞ்சள். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவக்கிறதே, அதுவும் இதேதான். ஒரு மூலக்கூறு ஓர் அயனியை விட்டதும் நிறமே மாறுகிறது. நம் உடம்பின் புரதங்களும் அப்படித்தான் அயனிகளைப் பிடித்தும் விட்டும் தங்கள் மடிப்பை மாற்றிக்கொள்கின்றன. மடிப்பு மாறினால் நொதி வேலை செய்யாது. இரைப்பையின் பெப்சினுக்கு 2-ஐ ஒட்டிய பிஎச் வேண்டும். குடலுக்கு வந்ததும் அது ஓய்ந்துவிடும். அங்கே 8-ஐ ஒட்டி வேலை செய்யும் டிரிப்சின் பொறுப்பேற்கும். ரத்தம் 0.1 நகர்ந்தாலே டாக்டர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

இரவுப்பணி · திங்கள், அதிகாலை 4.10

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், கோயம்புத்தூரில். இப்போதுதான் கொஞ்சம் உட்கார நேரம் கிடைத்தது. சார் சொன்ன அந்த 0.1 என் கண் முன்னால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

ரத்தத்தின் பிஎச்சைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஏபிஜி என்ற ரத்த வாயுப் பரிசோதனை எடுப்போம். மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில், தமனியில் இருந்து. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட சிரிஞ்ச். ரத்தம் எடுத்ததும் ஒரு குமிழிகூட இல்லாமல் தட்டி வெளியேற்றி, உடனே மூட வேண்டும். குமிழி இருந்தால் ரத்தத்தில் கரைந்து அமிலமாக நிற்கும் கார்பன் டை ஆக்சைடு அதற்குள் போய்விடும், பிஎச் தப்பாக ஏறிக் காட்டும். வாயு சம்பந்தம் அவ்வளவு நெருக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். யாரோ மூலிகைப் பொடி கொடுத்து இன்சுலினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் நாள் கொண்டுவந்தார்கள். படுத்தபடியே, ஓட்டப் பந்தயம் ஓடி முடித்தவர் மாதிரி ஆழமாக, நிற்காமல் மூச்சு. நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லை. பக்கத்தில் போனால் அழுகிய பழமும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி ஒரு வாடை. ஏபிஜி-யில் பிஎச் 7.13, பைகார்பனேட் 8. அது 24 இருக்க வேண்டும்.

இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோ அமிலங்களைக் குவித்துவிட்டது. பைகார்பனேட் அந்த அமிலத்தை ஏந்தி ஏந்தித் தீர்ந்துகொண்டிருந்தது. ஏந்தும்போது உண்டான கார்பன் டை ஆக்சைடை மூச்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தேன்மொழி, உங்கள் அப்பா டம்ளரில் பொங்குகிற அதே நுரைதான். அந்தப் பையனின் ரத்தத்தில் அது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது, நுரையீரல் அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்தது. அந்த மூச்சுக்கு 1874-இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் பெயரைத்தான் இன்றும் சொல்கிறோம்.

அவருக்கு நாங்கள் கொடுத்தது சலைன், இன்சுலின், பொட்டாசியம். சோடா பைகார்பனேட் கொடுக்கவே இல்லை. பிஎச் மிக மோசமாக இறங்கினால் ஒழிய அதைத் தொடுவதில்லை. அமிலம் உண்டாகும் இடத்தை அடைத்தால் உடம்பு தானே சரியாகிவிடும். மறுநாள் மாலை 7.36. எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

மாறன், நீ கணக்குப் போட விரும்பினால் இதோ. பைகார்பனேட் 24, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு 1.2. விகிதம் 20. அந்த 20-இன் மடக்கை 1.3. அதோடு 6.1 என்ற மாறா எண்ணைக் கூட்டு. விடை 7.4. ஹெண்டர்சன், ஹாசல்பால்க் இருவர் பெயரில் உள்ள சமன்பாடு இது. இதில் மேலே இருக்கும் 24-ஐச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது, நாள் கணக்கில். கீழே இருக்கும் 1.2-ஐ நுரையீரல் பார்த்துக்கொள்கிறது, நிமிஷக் கணக்கில். விகிதம் 20 என்று நின்றால் போதும். மேலே குறைந்தால் கீழேயும் குறைத்து, முடிந்தவரை சமாளிக்கப் பார்க்கும்.

பிளஸ்ஒன்_மாறன் · திங்கள், காலை 6.45

அக்கா, போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த அண்ணனுக்கு பைகார்பனேட் 8, பிஎச் 7.13 என்றால் விகிதம் 10.7, கீழே 0.75 வருகிறது. அதாவது மூச்சை வைத்தே 1.2-ஐ 0.75 ஆக்கியிருக்கிறார். மூச்சு அப்படி வாங்காமல் 1.2-ஆகவே இருந்திருந்தால் பிஎச் 6.92! உடம்பே உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

இரவுப்பணி · திங்கள், காலை 7.20

சரியாகப் போட்டாய் தம்பி. 6.8-க்குக் கீழே போனால் பிழைப்பது மிக அரிது. அதனால்தான் அந்த மூச்சை மயக்க மருந்து கொடுத்து அடக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

ஷிப்ட் முடிந்தது, ஆனால் இதைச் சொல்லாமல் போக மனசில்லை. சார் சொன்ன கோபன்ஹேகனில் 1952-இல் போலியோ பெருந்தொற்று வந்தது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்து வந்தவர்களில், ஆகஸ்டின் முதல் மூன்று வாரங்களில் 31 பேருக்கு இருந்த இயந்திரங்களை வைத்து மூச்சு கொடுத்தார்கள். 27 பேர் இறந்துபோனார்கள். ரத்தத்தில் பைகார்பனேட் ஏறிக் கிடந்தது. அதைப் பார்த்த டாக்டர்கள் ரத்தம் காரமாகிவிட்டது என்று நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர்தான் அதை மறுத்தார். கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தேங்குகிறது, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்றார். பிஎச்சை நேராக அளந்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் உண்மை. ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார். பிழைத்தாள். அப்புறம் 1,500 மாணவர்கள் அளவில் முறை வைத்து, இரவு பகலாக, நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். நான் வேலை பார்க்கும் அறையே, ஒரு பிஎச் எண்ணைச் சரியாகப் படித்ததால் வந்தது.

உப்பங்கழி · திங்கள், இரவு 8.55

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறேன். மனுஷ ரத்தம் பற்றித் தெரியாது, ஆனால் பிஎச்சோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். இங்கே பேசுவதைப் படிக்கப் படிக்க என் குட்டை ஞாபகம்தான் வருகிறது.

காலை 5 மணிக்கு மீட்டரை விட்டால் 7.7. சாயங்காலம் 4 மணிக்கு அதே இடத்தில் 8.1. இடையில் நான் எதுவும் போடவில்லை. பகலெல்லாம் பாசி வெயிலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது, அமிலம் குறைகிறது. இரவில் பாசியும் இறாலும் சேர்ந்து மூச்சு விடுகின்றன, அமிலம் ஏறுகிறது. சிஸ்டர் சொன்ன நுரையீரல் வேலையை இங்கே வெயில் செய்கிறது. ஏற்ற இறக்கம் அரைப் புள்ளிக்குள் இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் இறால் தீவனம் எடுக்காது.

முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மழைக்குப் பின் பிஎச் இறங்கிவிட்டது என்று பயந்து, சுட்ட சுண்ணாம்பை மூட்டை மூட்டையாக ஒரே நாளில் கொட்டினேன். மறுநாள் மதியம் மீட்டரில் 9.1. சுண்ணாம்பு நேராக இறாலைக் கொல்லவில்லை. குட்டையில் இருந்த அம்மோனியாதான் கொன்றது. அது ஏற்கெனவே இருந்ததுதான். பிஎச் 8-இல் அதில் நூற்றுக்கு ஏழு பங்குதான் விஷ வாயுவாக இருக்கும், மீதி அயனியாகச் சாதுவாக இருக்கும். 9-ஐத் தொட்டால் நாற்பது பங்கு விஷமாக மாறும். அள்ளி அள்ளிக் கரையில் போட்டேன். வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அப்போது ஒரு மூத்தவர் சொன்னார், பிஎச்சை மட்டும் பார்க்காதே, ஆல்கலினிட்டி பார் என்று. இப்போது வாரம் இரண்டு தடவை சொட்டு மருந்து போட்டு நிறம் மாறும் வரை எண்ணுவேன். 120-க்குக் கீழே விடுவதில்லை. தண்ணீரில் பைகார்பனேட் இருப்பு நிறைய இருந்தால், மழை வந்தாலும் பாசி செத்தாலும் பிஎச் ஆடாது. இரண்டு குட்டையிலும் மீட்டர் 8 காட்டும். ஆல்கலினிட்டி 40 உள்ள குட்டை ஒரே மழையில் கவிழ்ந்துவிடும், 120 உள்ளது நிற்கும். மனுஷனுக்கும் அப்படித்தானா?

பொருநைக்கரை · திங்கள், இரவு 9.40

அண்ணே, நான் 31 வருஷம் கரும்பலகையில் எழுதியதை நீங்கள் குட்டையில் இறங்கிக் கற்றிருக்கிறீர்கள். மனிதனுக்கும் அப்படியேதான். உங்கள் ஆல்கலினிட்டிக்கு எங்கள் பாடத்தில் தாங்கல் கரைசல் என்று பெயர். யாழ்ப்பாணத்து நண்பர் தாங்கற் கரைசல் என்பார்.

தேன்மொழி அம்மா, அப்பாவிடம் காட்டச் சொன்ன கணக்கு இதில்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 140 மில்லிமோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு). ஹைட்ரஜன் அயனி வெறும் 40 நானோமோல். அதாவது சோடியம் 35 லட்சம் மடங்கு. இவ்வளவு சொற்பமான அயனியை 40-ஐ ஒட்டியே பிடித்து வைத்திருக்கிறது உடம்பு. 80 ஆனால் பிஎச் 7.1, அந்தப் பையன் வந்த நிலை. ஆனால் உடம்பு ஒரு நாளில் உண்டாக்கும் அமிலம் எவ்வளவு தெரியுமா? கார்பன் டை ஆக்சைடு வழியாக மட்டும் சுமார் 15,000 மில்லிமோல். மூச்சில் போகாத அமிலம், புரதம் எரிவதில் வருவது, உடல் எடை கிலோவுக்கு ஒரு மில்லிமோல் கணக்கில் 60, 70. ஒரு டீஸ்பூன் சோடாவில் இருக்கும் பைகார்பனேட் 55 மில்லிமோல் அளவு. பதினைந்தாயிரத்தைச் சத்தமில்லாமல் சமாளிக்கிற உடம்புக்கு 55 ஒரு பொருட்டா? மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். கூட வந்த சோடியத்தைத்தான் அனுப்பத் திணறும்.

பனங்கூடல் · திங்கள், இரவு 10.25

ஒரு சிறு சேர்க்கை. வயிற்றோட்டத்தில் வெளியேறுவது நீரும் உப்பும் மட்டுமல்ல, குடலின் பைகார்பனேட்டும் சேர்ந்துதான். அதனால் கடும் வயிற்றோட்டத்தில் குழந்தைகளின் ரத்தம் அமிலப் பக்கம் சாயும். உலக சுகாதார நிறுவனத்தின் உப்புக் கரைசல் பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதா உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, அவற்றோடு 2.9 கிராம் சிட்ரேட் உப்பு, எல்லாம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அந்தச் சிட்ரேட் எதற்கென்று ஐயா மேலே விளக்கியதை வைத்துப் பாருங்கள். எரிந்து பைகார்பனேட்டாகும். முன்பு பைகார்பனேட்டையே போட்டார்கள், பொட்டலத்துக்குள் ஈரம் பட்டுக் கெட்டுப்போனது. அளவு மாறாமல் ஒரு லிட்டரில் கரைப்பதுதான் முக்கியம். அரை லிட்டரில் கரைத்தால் கரைசல் அடர்த்தியாகி, குடலே நீரை வெளியே இழுத்துவிடும்.

பிளஸ்ஒன்_மாறன் · செவ்வாய், மாலை 5.35

இன்று வீட்டில் செய்து பார்த்தேன். வேலியில் இருந்து சங்குப்பூ பறித்து வெந்நீரில் ஊறவைத்தால் தண்ணீர் நல்ல நீலம். இரண்டு டம்ளரில் சம அளவு ஊற்றினேன். ஒன்றில் மட்டும் இரண்டு விரல் நுனியில் நிற்கிற அளவு ஆப்ப சோடா. நீலத்தில் லேசாகப் பச்சை கலந்தது. அப்புறம் இரண்டிலும் சொட்டு சொட்டாக எலுமிச்சைச் சாறு, அம்மாவின் மருந்து டிராப்பரில்.

சோடா இல்லாத டம்ளர் முதல் துளியிலேயே ஊதா நிறமாகிவிட்டது. சோடா போட்டது 23 துளி வரை நீலமாகவே நின்றது! ஒவ்வொரு துளிக்கும் சின்னச் சின்னக் குமிழி மேலே வந்தது. 24-ஆவது துளியில் கொஞ்சம் ஊதா, 27-இல் முழு ஊதா. அந்தக் குமிழிகள்தான் மூச்சு என்று புரிந்தபோது சிலிர்த்துவிட்டது சார்.

பொருநைக்கரை · செவ்வாய், மாலை 6.02

தம்பி, இதைவிடத் தெளிவாக நான் ஒருநாளும் நடத்தியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம் குறித்துக்கொள். உன் டம்ளர் 27-ஆவது துளியில் தோற்றுவிட்டது, ஏனென்றால் தீர்ந்த பைகார்பனேட்டை நிரப்ப அதற்குச் சிறுநீரகம் இல்லை.

கரூர்_தேன்மொழி · புதன், இரவு 9.10

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாறன் செய்ததை அப்பாவோடு சேர்ந்து செய்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் சங்குப்பூ இருக்கிறது. துளி எண்ணுவதை அப்பாவே செய்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு. எங்களுக்கு 31 துளி வந்தது. பத்தாவது துளிக்கு அப்புறம் அவர் பேசவே இல்லை. முடிந்ததும் 20-க்கு 1 கணக்கை ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதை அவர் பழைய மீட்டர் குறிப்பு நோட்டில் ஒட்டிக்கொண்டார். "உள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கும்போது நான் எதுக்கு வெளியில இருந்து வயர் கொடுக்கறேன்" என்றார்.

ஆப்ப சோடா டப்பா அலமாரிக்குப் போய்விட்டது. நேற்று டாக்டரிடம் சொன்னோம். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். உப்பில்லாத எலுமிச்சை நீரை மட்டும் விட மாட்டேன் என்கிறார் அப்பா, குடிக்கட்டும். குடித்ததும் பல் துலக்க வேண்டாம், வாயை வெறும் தண்ணீரில் கொப்புளித்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சு கரையத் தொடங்குமாம், அந்த நேரத்தில் பிரஷ் வைத்தால் தேய்ந்துவிடுமாம்.

அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். மூச்சை அடக்கினால் ரத்தம் அமிலமாகுமா?

இரவுப்பணி · வியாழன், அதிகாலை 3.25

ஆகும் என்று சொல்லுங்கள், கொஞ்ச நேரத்துக்கு, மிகக் கொஞ்சம். கார்பன் டை ஆக்சைடு தேங்கும், பிஎச் இறங்கத் தொடங்கும். அரை நிமிஷத்தில் மூச்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் இல்லை. கார்பன் டை ஆக்சைடு ஏறியதை மூளையின் முகுளம் கண்டுகொண்டு, விடு விடு என்று தள்ளுவதால்தான். அப்பாவை உட்கார்ந்தபடியே ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள், வலுக்கட்டாயமாகப் பிடித்து வைக்காமல். முட்டத் தொடங்கும் அந்த நொடியில் அவரே தன் பிஎச்சை உணர்ந்துவிடுவார்.